படப்பட்டியலின் ஒரு வரி

திரைப்படம் குறித்து எழுத அமரும்போது நாம் முதலில் புரட்டுவது படப்பட்டியலைத்தான். ஆண்டு, படத்தின் பெயர், நிறுவனம், இயக்குநர், நடிகர்கள் என இரண்டு வரிக்குள் அடங்கிவிடும் செய்திகள். நாட்காட்டியில் கிழமை பார்ப்பதுபோலப் பார்த்துவிட்டுக் கட்டுரைக்குத் திரும்பிவிடுகிறோம். அவ்வரிகளின்மேல் நமக்கு ஐயமே எழுவதில்லை. எழவேண்டும் என்பதற்குத் தென்னிந்தியப் பேசும்படத்தின் தொடக்கமே சான்று.

தமிழின் முதல் பேசும்படம் 'காளிதாஸ்'. எச்.எம்.ரெட்டி இயக்கியது. 1931 அக்டோபர் 31 அன்று சென்னை கினிமா சென்ட்ரலில் வெளியானது. நாயகி டி.பி.ராஜலட்சுமி தமிழில் பேச, நாயகன் தெலுங்கில் மறுமொழி சொன்னார். இப்படத்தை எம்மொழிப் பட்டியலில் சேர்ப்பது? படச்சுருள் இன்றில்லை, கேட்டுப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளவும் வழியில்லை. பட்டியலிட்டவர்கள் தமிழ் என்றனர். நாமும் அப்படியே எழுதி வருகிறோம்.

அதே ரெட்டி இயக்கிய 'பக்த பிரகலாதா' தெலுங்கின் முதல் பேசும்படம். அது வெளியான நாள் 1931 செப்டம்பர் 15 என்று நெடுங்காலம் நூல்தோறும் அச்சாகி, தெலுங்குத் திரையின் பிறந்தநாளாகவும் போற்றப்பட்டது. இதழாளர் ரெண்டால ஜெயதேவா பழைய ஆவணங்களைத் தேடிப்போனார். படத்தின் தணிக்கைச் சான்றிதழ் 1932 ஜனவரி 22 என்று தேதியிடப்பட்டிருந்தது. பம்பாயில் படம் திரைக்கு வந்தது பிப்ரவரி 6. தணிக்கையாகாத படம் நான்கு மாதம் முன்பே எப்படித் திரையேறியிருக்கும்? இக்கேள்வி அதுவரை யாருக்கும் தோன்றவில்லை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய பத்து நூல்கள் பத்துச் சாட்சிகளாகத் தோற்றமளித்ததே காரணம். தேதி திருந்தியதும் வரிசையும் மாறிற்று: பிரகலாதாவுக்குப் பின்னால் நின்ற காளிதாஸ் முன்னால் வந்துவிட்டது.

தமிழில் இப்பணியைத் தனியொருவராகச் சுமந்தவர் 'ஃபிலிம் நியூஸ்' ஆனந்தன். வாழ்நாளெல்லாம் தகவலும் புகைப்படமும் திரட்டி, 2004இல் பெருநூலாக்கித் தந்தார், 2016இல் மறைந்தார். அந்நூலின்றித் தமிழ்த்திரை பற்றி ஒரு பத்தி எழுதவும் நமக்குக் கைவராது. (பெயர் குறிப்பிடாமல் எடுத்தாள்வோர் பலர். அக்குற்றத்தில் நமக்கும் பங்குண்டு.) ஆயினும் ஐயம் எழுமிடத்தில் அன்றைய நாளிதழ் விளம்பரத்தையும், கொட்டகையில் விற்ற பாட்டுப் புத்தகத்தையும் தேடிச் செல்லத்தான் வேண்டும்.

அவையும் எல்லாவற்றுக்கும் கிடைப்பதில்லை. நடராஜ முதலியார் எடுத்த தென்னகத்தின் முதல் மௌனப்படமான 'கீசக வத'த்துக்கு ஒரு நூலில் 1916, மற்றொன்றில் 1917, வேறொன்றில் 1918. அதன் சுருளும் எஞ்சவில்லை.