துண்டுச் சீட்டும் குடியுரிமையும்

நான் இருப்பது குஷாய்குடாவில், இ.சி.ஐ.எல். பக்கம். இத்தனை வருடத்தில் மூன்று வாடகை வீடு மாறியாயிற்று. வாக்காளர் அட்டை மட்டும் இன்னும் திருநெல்வேலி முகவரியிலேயே இருக்கிறது. ஒவ்வொரு தேர்தலுக்கும் "இந்தத் தடவை மாத்திடணும்" என்று சொல்வதோடு சரி. (உங்களில் எத்தனை பேர் இந்தக் கட்சி?)

இதே ஐதராபாத்தின் மேற்குக் கோடியில், கச்சிபௌலியில் இருக்கும் மத்தியப் பல்கலைக்கழகத்தில், புலம்பெயர்ந்த இந்தியர்களை ஆராய 1996இல் ஒரு மையம் தொடங்கினார்கள். இந்த ஆராய்ச்சிக்கு ஒரு துறை மட்டும் ஏன் போதாது? இலங்கை மலையகத் தமிழர் கதையே போதும், புரிந்துவிடும்.

கண்டிச் சீமைக்குப் போனவர் கங்காணியிடம் கடன்பட்டே தோட்டத்தில் இறங்கினார். வேறு தோட்டத்துக்கு மாற வேண்டுமா? 'இவ்வளவு கடனைக் கட்டினால் ஆளை விடுகிறோம்' என்று துரை ஒரு சீட்டு எழுதித் தருவார். அதற்குப் பெயர் 'துண்டு'. புதுத் தோட்டம் பணத்தைக் கட்டும், கடன் ஆளோடேயே போகும். 1921இல் சட்டம் போட்டுத்தான் துண்டு முறையை நிறுத்தினார்கள்.

1948இல் மறுபடி காகிதம். புதிய குடியுரிமைச் சட்டம் தகப்பன், பாட்டன் பிறந்த இடத்துக்கு அத்தாட்சி கேட்டது. லயத்தில் பிறந்த பலருக்குப் பிறப்புப் பதிவே கிடையாது. 1949 சட்டத்தின் கீழ் விண்ணப்பித்த சுமார் 8 லட்சம் பேரில் குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

இதுவரை வரலாற்றுக்காரரும் வக்கீலும் சொல்லிவிடுவார்கள். காகிதமே இல்லாதவர் என்ன நினைத்தார் என்பது எந்த ஆவணத்தில் இருக்கும்? அவர்களிடம் இருந்தது பாட்டு. அதைத் தேடித் தொகுத்தவர் சி.வி.வேலுப்பிள்ளை. தோட்டத்தில் பிறந்தவர், கவிஞர், தொழிற்சங்கக்காரர், 1947இல் நாடாளுமன்ற உறுப்பினர். அடுத்த தேர்தலுக்குள் அவருக்கு ஓட்டுப்போட்ட ஜனங்களில் பெரும்பாலோருக்கு ஓட்டே இல்லை! 1952இல் இலங்கை இந்தியன் காங்கிரஸ் சத்தியாக்கிரகம் இருந்தும் பலனில்லை. ஆய்வும் போராட்டமும் வேறு வேறு என்று நாம் நினைக்கிறோம். அவருக்கு அப்படி இல்லை.

1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் கணக்குப் போட்டார்கள்: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம். சம்பந்தப்பட்டவர்களை யாரும் கேட்கவில்லை. அந்த ஒப்பந்தம் கையெழுத்தான அக்டோபர் 30, 1964 முதல் அங்கேயே இருப்பவர்களுக்கும் அவர்கள் வழிவந்தவர்களுக்கும் 2003இல் தான் ஒரு சட்டம் குடியுரிமை தந்தது. தொழிற்சங்கத்தார் தோட்டம் தோட்டமாகப் போய் விண்ணப்பம் வாங்கினார்கள்.

இந்தப் பக்கம் வந்தவர்களில் பலர் நீலகிரித் தேயிலைத் தோட்டங்களுக்குப் போனார்கள். அங்கே 'இந்தியாக்காரர்' என்று பெயர் வாங்கியவர்கள். கோத்தகிரியில் இன்றைக்கும் அவர்கள் 'சிலோன்காரங்க'.