பரானந்தர் கண்ட சுவிசேஷம்

தீவகத்தில் சைவமும் கிறிஸ்தவமும் ஒன்றையொன்று அறியாதவையல்ல. ஊர்காவற்றுறைத் தேவாலய மணியோசையில் வளர்ந்தோரும், நயினாதீவு நாகபூசணி அம்மனை வழிபடத் தோணியேறியோரும் ஒரே கடல்வழியினர். 1658 முதல் யாழ்ப்பாணத்திற் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பல்தேயு, இத்தீவுகளின் கோவிற்பற்றுகளையும் பாடசாலைகளையும் 1672இல் வெளியான தம் நூலில் விவரித்துள்ளார். அப்பாடசாலைகளிற் சமயக்கல்வி வினாவிடை மனனமாகவே நடந்தது. வினாவும் போதகருடையது; விடையும் அவருடையதே. மாணாக்கனின் சொந்த ஐயம் எங்கே நுழைவது?

அவ்வையத்துக்கு இடமளித்த வாசிப்பொன்று, இரு நூற்றாண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தின் பின், சைவரொருவரிடமிருந்தே வந்தது. ஆறுமுக நாவலரின் ஆதரவுடன் 1879இற் சட்டநிரூபண சபை புகுந்த பொன்னம்பலம் இராமநாதனே அவர். தஞ்சாவூர் அருள்பரானந்த சுவாமிகளைக் குருவாகக் கொண்ட இவர், ஸ்ரீ பரானந்தர் என்னும் பெயரில் மத்தேயு சுவிசேஷத்துக்கு 1898இலும் யோவான் சுவிசேஷத்துக்கு 1902இலும் ஆங்கில உரை தந்தார். இவற்றைப் பதிப்பித்தவர் அவுஸ்திரேலியப் பெண்மணியான ஹரிசன் அம்மையார். பின்னர் இராமநாதனின் துணைவியாகி லீலாவதி எனப் பெயர் பெற்றவர். முதல் நூலின் தலைப்பே, உரையின் ஆதாரம் நூலறிவன்று, இறையநுபவம் என்று பறைசாற்றுகின்றது.

‘கிறிஸ்து’ என்பதன் சொற்பொருள் அபிஷேகம் பெற்றவர் என்பதாம். பரானந்தர் அதனைத் தூய்மையுற்ற ஆன்மாவின் நிலையாகக் கொண்டார். விசுவாசிக்க இயலாது தவித்த படித்த கிறிஸ்தவனுக்கு இது பெரியதொரு வாயில். கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் எனச் சித்தாந்தம் வகுத்த படிகளில் ஐயம் பாவமன்று, சிந்தித்தலின் உடன்பிறப்பு. அவ்வழி நோக்கின், யோவான் 20ஆம் அதிகாரத்துத் தோமையார் கண்டிக்கத்தக்கவரல்லர். தெளிதலை நாடி நிற்பவர்.

ஆயினும் இவ்வாசிப்பு ஒன்றை இழக்கின்றது. சிலுவைப்பாட்டைக் கத்தோலிக்கன் அகநிலைக் குறியீடாகக் கொள்வதில்லை. காலத்தில் நிகழ்ந்த துயராகவே கொள்வான். யாக்கோமே கொன்சால்வேஸ் (1676–1742) இயற்றிய ‘வியாகுலப் பிரசங்கம்’ யாழ்ப்பாணத் தேவாலயங்களிற் தவக்காலத்தில் இராகத்துடன் ஓதப்பட்டு வந்தது. அதைக் கேட்டு அழுத மூதாட்டியின் ஐயம், இருந்திருப்பின், கண்ணீரிலேயே கரைந்திருக்கும். பரானந்தர் உரை அவளுக்கென எழுதப்பட்டதன்று. அது ஆங்கிலம் கற்றோரின் மேசைக்கே சென்றது. 1905–1906இல் இராமநாதன் சொற்பொழிவாற்றச் சென்றதும் அமெரிக்காவுக்கே.