ஐந்து வாக்கியங்களுக்கு ஓர் உரை

இறுதிக்கால சிகிச்சையைப் பற்றி முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் காமன் காஸ் வழக்கில் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்தது. கண்ணியமாக இறப்பது அரசமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையில் அடங்கும் என்பது அதன் அடிப்படை. அன்று விதித்த நடைமுறை மிகச் சிக்கலாக இருந்ததால், 2023 ஜனவரி 24 அன்று நீதிமன்றமே அதைத் தளர்த்தியது. அந்த விதிகளை மனத்தில் கொண்டு நான் எழுதிய மாதிரி ஆவணமும் அதன் உரையும் இவை.

“நான் தெளிந்த மனத்தோடு, யாருடைய வற்புறுத்தலும் இன்றி இதை எழுதுகிறேன்.”

சம்பிரதாய வரிதான், ஆனால் ஆவணம் செல்லுபடியாவது இதை நம்பித்தான். எழுதுபவர் வயதுவந்தவராக இருக்க வேண்டும். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். முன்பு மாஜிஸ்திரேட்டிடம் போக வேண்டியிருந்தது. இப்போது நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும்.

“குணமாக வழியில்லாத நோயின் கடைசிக் கட்டத்தில், முடிவெடுக்கும் நிலையில் நான் இல்லாவிட்டால், வென்டிலேட்டர், டயாலிசிஸ், நெஞ்சை அழுத்தி இதயத்தை இயக்கும் முயற்சி ஆகியவை வேண்டாம், தொடங்கியிருந்தால் நிறுத்திவிடுங்கள்.”

முதல் பாதியைக் கவனியுங்கள். பலரும் அதை விட்டுவிட்டு, “எனக்கு மெஷின் எதுவும் வைக்காதீங்க” என்று மட்டும் சொல்கிறார்கள். நிமோனியாவில் சில நாள் வென்டிலேட்டரில் இருந்து, எழுந்து நடந்து வீடு திரும்புகிறவர்கள் உண்டு. அந்த வாய்ப்பையும் சேர்த்து மறுப்பதா உங்கள் எண்ணம்? எந்த நிலையில் வேண்டாம் என்பதைச் சொன்னால்தான், எது வேண்டாம் என்பதற்குப் பொருள் இருக்கும். “மரியாதையாகப் போக வேண்டும்” என்பது போன்ற வாசகமும் உதவாது. தெளிவில்லாத ஆவணத்தை மருத்துவக் குழு ஏற்காமல் போகலாம்.

“தொடங்கியிருந்தால்” என்ற சொல்லும் அவசியம். வைக்காமல் இருப்பதைவிட, வைத்ததை எடுப்பதற்குத்தான் கை நடுங்கும். இரண்டையும் தீர்ப்பு அனுமதிக்கிறது. ஊசி போட்டு உயிரைப் போக்குவதை அனுமதிக்கவில்லை, அது இன்றும் குற்றம். மூக்குவழிக் குழாயில் உணவு வேண்டுமா, வேண்டாமா என்பதையும் தனியே எழுதுவது நல்லது. குடும்பங்கள் அதிகம் சண்டையிடுவது சோற்றைப் பற்றித்தான்.

“வலியும் மூச்சுத்திணறலும் தணியத் தேவையான மருந்துகளைக் கொடுங்கள்.”

“அப்பாவை அப்படியே விட்டுட்டோம்” என்ற பேச்சுக்குப் பயந்தே பிள்ளைகள் எல்லாவற்றுக்கும் சம்மதிக்கிறார்கள். வேண்டாம் என்ற பட்டியலோடு வேண்டும் என்பதும் இருந்தால் அந்தப் பயம் குறையும். தேவைப்பட்டால் மார்பினும் தரலாம் என்று சேர்த்துக்கொள்ளலாம்.

“என் சார்பில் பேச என் மகளையும், அவளால் முடியாதபோது என் தம்பியையும் நியமிக்கிறேன்.”

ஒன்றுக்கு மேற்பட்டவரை நியமிக்கலாம் என்பது 2023இல் வந்த மாற்றம். என் கணிப்பில் ஐந்து வரிகளில் இதுதான் முக்கியம். நோயாளி பேச முடியாதபோது, சிகிச்சையை நிறுத்தச் சம்மதிப்பதா என்று இவர்களைத்தான் கேட்பார்கள். சிகிச்சை அளிக்கும் மருத்துவரும், குறைந்தது ஐந்தாண்டு அனுபவமுள்ள இரு நிபுணர்களும் கொண்ட முதல் குழு கூடும். மாவட்டத் தலைமை மருத்துவ அதிகாரி நியமிக்கும் மருத்துவரோடு இரண்டாவது குழு கூடும். ஒவ்வொன்றும் இயன்றவரை 48 மணி நேரத்துக்குள் முடிவு சொல்ல வேண்டும். மாஜிஸ்திரேட்டுக்குத் தெரிவித்த பிறகே நிறுத்துவார்கள். குழு மறுத்தால் உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம்.

இத்தனை நாளும் ஐ.சி.யூ. வாசலில் நின்று, ஊரிலிருந்து வந்திறங்கும் உறவுகளுக்கெல்லாம் பதில் சொல்லப்போவது மகள். அதனால் பாசத்தைப் பார்த்து ஆளைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அழுதாலும் சொன்னதைச் சொல்கிறவர் வேண்டும். எழுதும்போதே அவரிடம் பேசிவிடவும் வேண்டும். மகள் இதை முதன்முதலாக ஆஸ்பத்திரியில் படித்தால், அப்பா ஏதோ விரக்தியில் எழுதியது என்றே நினைப்பாள்.

“இதை மாற்றவோ ரத்து செய்யவோ எனக்கு எப்போதும் உரிமை உண்டு.”

மாற்றத்தை எழுத்தில் செய்ய வேண்டும். ஒன்றுக்கு மேல் இருந்தால் கடைசியாகக் கையெழுத்திட்டது செல்லும். குடும்ப மருத்துவருக்கும் நியமிக்கப்பட்டவர்களுக்கும் பிரதி தர வேண்டும். உள்ளாட்சி அமைப்பின் உரிய அதிகாரியிடமும் ஒன்று போக வேண்டும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும் அன்றே கேஸ் ஷீட்டோடு ஒரு பிரதியை வைக்கச் சொல்வது மகளின் முதல் வேலை.