கோளாக இருந்து ரோபோவாக மாறும் 8.6 கிலோ ‘யூனிக்ரான்’: இந்த மெகா பொம்மை விலைக்கு தகுந்ததா? சேகரிப்பாளர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

ஒரு பொம்மை. அறிமுகமானபோது விலை 574.99 டாலர். 2019ஆம் ஆண்டு மதிப்பில் நம்ம ஊர் காசுக்கு சுமார் 40 ஆயிரம் ரூபாய். எடையோ கிட்டத்தட்ட ஒரு வயசு குழந்தையின் எடை. கடைக்குப் போய் வாங்கவும் முடியாது. “8,000 பேர் முன்கூட்டியே ஆர்டர் கொடுத்தால்தான் தயாரிப்போம்” என்று கம்பெனி கறாராகச் சொல்லிவிட்டது.

அந்த பொம்மையின் பெயர் யூனிக்ரான். அமெரிக்காவின் ஹாஸ்ப்ரோ நிறுவனம் ‘ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்’ வரிசையில் கொண்டு வந்த பிரமாண்ட ரோபோ. இவ்வளவு பெரிய பொம்மையை வாங்குவது சரியான முடிவா? வாங்கினால் எதையெல்லாம் பார்க்கணும்? விரிவாகப் பார்ப்போம்.

யார் இந்த யூனிக்ரான்?

கார், லாரி, விமானம் எல்லாம் ரோபோவாக மாறும் ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ் பொம்மைகளை ஹாஸ்ப்ரோ 1984ல் அறிமுகப்படுத்தியது. ஜப்பானின் டகாரா நிறுவனம் ஏற்கெனவே விற்றுவந்த பொம்மைகள்தான் இதற்கு அடிப்படை.

1986ல் ‘தி ட்ரான்ஸ்ஃபார்மர்ஸ்: தி மூவி’ என்ற அனிமேஷன் படம் வெளியானது. அதில் வரும் வில்லன்தான் யூனிக்ரான். மத்த ரோபோக்கள் காராக மாறும் என்றால், இவர் ஒரு முழு கோளாகவே மாறுவார். வழியில் வரும் மற்ற கோள்களை விழுங்குவதுதான் இவருக்கு வேலை. ‘சிட்டிசன் கேன்’ படத்தை இயக்கி நடித்த ஆர்சன் வெல்ஸ்தான் இந்த வில்லனுக்குக் குரல் கொடுத்தார். 1985 அக்டோபரில் அவர் இறந்துவிட்டதால், படம் ரிலீஸ் ஆனதை அவர் பார்க்கவில்லை.

33 வருஷம் ஏன் ஆனது?

படம் வந்த காலத்திலேயே யூனிக்ரான் பொம்மைக்கு மாதிரிகள் செய்து பார்த்தார்கள். ஆனால் எதுவும் விற்பனைக்கு வரவில்லை. படத்தில் நாயகர்களின் பொம்மைகள் கடையில் கிடைத்தன, வில்லன் மட்டும் கிடைக்கவில்லை. முதல் யூனிக்ரான் பொம்மை கடைக்கு வந்தது 2003ல், ‘ஆர்மடா’ வரிசையில்.

அது நல்ல பொம்மைதான். ஆனாலும் கோள்களை விழுங்குகிறவர், அலமாரியில் மற்ற ரோபோக்களோடு நிற்கும்போது கொஞ்சம் பெரிய அண்ணன் மாதிரிதான் தெரிந்தார். படத்தில் பார்த்த அந்த பிரமாண்டம் வேண்டும் என்ற ரசிகர்களின் ஆசை அப்படியே இருந்தது. அதற்குப் பதிலாகத்தான் 2019 ஜூலையில் இந்தப் பெரிய யூனிக்ரானை ஹாஸ்ப்ரோ அறிவித்தது.

அது என்ன 8,000 பேர் கணக்கு?

பிளாஸ்டிக் பொம்மையில் பிளாஸ்டிக்கை விட அதிகம் செலவு வைப்பது ‘மோல்டு’ எனப்படும் எஃகு அச்சுதான். ஒவ்வொரு பாகத்துக்கும் அச்சு வெட்டணும். பத்து பொம்மை செய்தாலும், பத்தாயிரம் பொம்மை செய்தாலும் அச்சுக்கான செலவு ஒன்றுதான். அதனால் வாங்க ஆள் இருக்கிறார்களா என்று தெரியாமல் இவ்வளவு பெரிய பொம்மையில் யாரும் கை வைக்க மாட்டார்கள்.

இதற்காகவே ஹாஸ்ப்ரோ 2018ல் ‘ஹாஸ்லேப்’ என்ற முறையைத் தொடங்கியது. முதலில் டிசைனைக் காட்டுவார்கள். குறிப்பிட்ட தேதிக்குள் குறிப்பிட்ட எண்ணிக்கையில் ஆர்டர் வந்தால் தயாரிப்பு. வரவில்லை என்றால் அத்தோடு முடிந்தது. ஹாஸ்லேப்பில் எல்லாமே ஜெயிக்கவில்லை. குக்கீ மான்ஸ்டர் பொம்மைக்கு தேவையான ஆர்டர் வராததால் அது கைவிடப்பட்டது.

யூனிக்ரானும் அந்த நிலைமைக்குப் பக்கத்தில் போனது. ஆகஸ்ட் 31 கடைசி நாள். அதற்குள் 8,000 பேர் சேரவில்லை. அக்டோபர் 6 வரை அவகாசம் நீட்டிக்கப்பட்ட பிறகே இலக்கு எட்டப்பட்டது. 2019ல் ஆர்டர் செய்தவர்களின் கைக்கு 2021ல்தான் பொம்மை வந்து சேர்ந்தது.

சைஸ் எவ்வளவு?

* ரோபோவாக நிற்கும்போது உயரம்: 27 அங்குலம், அதாவது சுமார் 69 செ.மீ.
* கோளாக இருக்கும்போது அகலம்: சுமார் 30 அங்குலம், அதாவது 76 செ.மீ.
* எடை: 19 பவுண்டு, சுமார் 8.6 கிலோ
* அசையும் மூட்டுகள்: 50க்கும் மேல்
* கூடவே வருவது: தாங்கி நிறுத்த ஒரு ஸ்டாண்ட்

ஒப்பிட்டுப் பார்த்தால், 2013ல் வந்த மெட்ரோப்ளெக்ஸும் 2016ல் வந்த ஃபோர்ட்ரஸ் மேக்ஸிமஸும் சுமார் 2 அடி உயரம். உயரத்தில் யூனிக்ரான் சில அங்குலம்தான் கூடுதல். ஆனால் உடம்பின் பருமனில்தான் ஆள் வேறு.

பெரிய பொம்மையின் பெரிய பிரச்னை என்ன?

இங்கேதான் கொஞ்சம் ஸ்கூல் கணக்கு தேவைப்படுது. ஒரு பொம்மையை அதே வடிவத்தில் இரண்டு மடங்கு உயரமாக்கினால் எடை இரண்டு மடங்கு ஆகாது, எட்டு மடங்கு ஆகும். ஆனால் அந்த எடையைத் தாங்கும் மூட்டின் குறுக்களவு நாலு மடங்குதான் கூடும். உயரம் கூடக் கூட மூட்டுக்குச் சுமை அதிகம்.

சின்ன ரோபோ பொம்மையில் பிளாஸ்டிக்கும் பிளாஸ்டிக்கும் உரசுவதாலேயே கை அப்படியே நிற்கும். யூனிக்ரான் சைஸில் அது போதாது. தூக்கிய கை தானாகவே கீழே இறங்கிவிடும். அதனால் பெரிய பொம்மைகளில் ‘ராட்செட்’ மூட்டுகள் வைப்பார்கள். உள்ளே பல்சக்கரம் மாதிரி இருக்கும். திருப்பும்போது ‘கடக் கடக்’ என்று சத்தம் கேட்கும்.

இதில் நன்மை, மூட்டு வழுக்காது. குறை, ஒரு பல்லில் இருந்து அடுத்த பல்லுக்குத்தான் போகும். நடுவில் நிறுத்த முடியாது. காலைக் கொஞ்சமே கொஞ்சம் சாய்த்து வைக்கலாம் என்றால் முடியாது, ஒரு படி முழுசாகத்தான் நகரும். முதுகுப் பக்கம் எடை அதிகமுள்ள ரோபோவுக்கு இந்தச் சின்ன வித்தியாசமே நிற்பதா, சாய்வதா என்பதை முடிவு செய்யும். 

மாற்றுவது எப்படி?

கோளின் மேல் ஓடுகள் திறந்து பின்பக்கம் மடங்கும். உள்ளே ஒளிந்திருக்கும் கை, கால், தலை வெளியே வரும். சொல்ல ஈஸி, செய்ய நேரம் பிடிக்கும். சின்ன ரோபோவை கையில் பிடித்துக்கொண்டே மாற்றிவிடலாம். இதைத் தரையிலோ பெரிய மேஜையிலோ துணி விரித்து, வைத்துத்தான் மாற்றணும். பக்கத்தில் இன்னொருத்தர் இருந்தால் நல்லது.

படத்தில் பார்த்த முக்கியமான விஷயம், கோளின் வாய் திறப்பது. அதை இந்தப் பொம்மையில் கொண்டு வந்திருக்கிறார்கள். ரோபோ முகத்தில் கண்ணும் தாடையும் அசையும். விரல்களைக் கூட மடக்கலாம். 33 வருஷம் காத்திருந்தவர்கள் அதிகம் சிலாகிப்பது சைஸை விட இந்த முகத்தைத்தான்.

குழந்தைக்கு வாங்கித் தரலாமா?

வேண்டாம். இது பெரியவர்களுக்கான சேகரிப்புப் பொருள். 8.6 கிலோ பொம்மை மேஜையில் இருந்து விழுந்தால் பொம்மை மட்டும் உடையாது, கீழே இருப்பவர் காலும் போகும். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால், இழுத்துத் தள்ள முடியாத இடத்தில் வைப்பதே பாதுகாப்பு.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால் என்ன பார்க்கணும்?

ஆர்டர் காலம் முடிந்துவிட்டதால், இப்போது வாங்குபவர்கள் மற்ற சேகரிப்பாளர்களிடம் இருந்துதான் வாங்கணும். அப்போது இதையெல்லாம் கேளுங்க:

1. இடுப்பு, தோள் மூட்டுகளை அசைக்கும் வீடியோ கேளுங்க. ‘கடக்’ சத்தம் தெளிவாக வரணும். சத்தமே இல்லாமல் வழுக்கினால் பல் தேய்ந்திருக்கலாம்.

2. எங்கே வைத்திருந்தார்கள் என்று விசாரியுங்க. வெயில் படும் ஜன்னல் ஓரத்தில் இருந்தால் வெளிர் நிற பிளாஸ்டிக் மஞ்சளாகிவிடும்.

3. திருகுகள் இருக்கும் இடத்தைச் சுற்றி கீறல் கோடு, வெள்ளைத் தடம் தெரிகிறதா என்று பாருங்க. பிளாஸ்டிக் அழுத்தம் தாங்காமல் விரிசல் விடுவதற்கு அதுதான் முதல் அறிகுறி.

4. ஸ்டாண்ட், கழற்றி மாட்டும் பாகங்கள், வழிமுறைத் தாள் எல்லாம் இருக்கிறதா? ஸ்டாண்ட் இல்லாமல் வருகிறது என்றால் விலையைக் கட்டாயம் குறைத்துக் கேட்கலாம்.

5. ஒரிஜினல் பெட்டி இருக்கிறதா? இது அழகுக்காக மட்டும் இல்லை. இந்த எடையைப் பத்திரமாக அனுப்ப அந்தப் பெட்டிதான் சரியான வழி.

வெளிநாட்டில் இருந்து இந்தியாவுக்கு வரவழைப்பதாக இருந்தால் பொம்மை விலையோடு கணக்கு முடியாது. பெட்டி பெரியது, எடையும் அதிகம். கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து பில் எங்கேயோ போய் நிற்கும். ரெண்டையும் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டு பிறகு பணம் அனுப்புங்க.

அப்போ வாங்கலாமா?

அடிக்கடி கையில் எடுத்து மாற்றிப் பார்ப்பதுதான் உங்களுக்குச் சந்தோஷம் என்றால், இது உங்களுக்கான பொம்மை இல்லை. முதல் வாரம் ஆசையாக இருக்கும், பிறகு அது நின்ற இடத்திலேயே நிற்கும். அதே காசில் நல்ல சின்ன ரோபோக்கள் நிறைய வாங்கலாம்.

அந்த 1986 படம் உங்களுக்கு முக்கியம், வைக்க இடமும் இருக்கிறது, கடன் வாங்காமல் கட்டக் காசும் இருக்கிறது என்றால் யூனிக்ரானுக்கு ஈடு சொல்வது கஷ்டம். இங்கே சைஸ் என்பது விளம்பரத்துக்காகச் சேர்த்தது இல்லை. கோள்களை விழுங்குகிறவர் சின்னதாக இருந்தால் அது யூனிக்ரானே இல்லை.

எதற்கும் ஆர்டர் போடும் முன் ஒரு டேப் எடுத்து அலமாரியை அளந்துவிடுங்க. உயரம் 69 செ.மீ., அகலம் 76 செ.மீ., பலகை 9 கிலோ தாங்கணும். இந்த மூணில் ஒன்று இடித்தாலும், காசு மிச்சம் என்று நினைத்துக்கொள்ளுங்க.