வலுசர்ப்பத்துக்காக ஒரு வழக்கு

1731ஆம் ஆண்டு இலண்டனின் ஆஷ்பர்ன்ஹாம் மாளிகையில் மூண்ட தீ, பழைய ஆங்கிலக் காப்பியமான 'பேயோவுல்ஃப்'பின் ஒரே கையெழுத்துப் படியைச் சுற்றிலும் கருக்கியது. 3182 அடிகள் கொண்ட அக்காப்பியத்தின் முடிவில், நெருப்புமிழும் டிராகனோடு பொருது முதிய மன்னன் மாள்கிறான். தமிழ் விவிலியம் வலுசர்ப்பம் என்று வழங்கும் விலங்கு அது. நெருப்பைப் பாடிய ஏடு நெருப்புக்குத் தப்பியது விந்தையே.

அறிஞர் பலர் அதனை வரலாற்றுச் சுரங்கமாகவே கருதி, மன்னர் பெயர்களையும் குலப்பகைகளையும் அகழ்ந்தனர். அற்பத்தை நடுவில் வைத்து அரியதை ஓரத்தில் ஒதுக்கிவிட்டதாகக் கவிஞனைக் கடிந்தார் டபிள்யூ. பி. கேர்.

1936 நவம்பர் 25 அன்று பிரித்தானிய அகாதெமியில் ஆற்றிய உரையில் ஜே. ஆர். ஆர். டோல்கீன் இதனை மறுத்தார். பகைவன் மனிதனாக இல்லாததாலேயே காப்பியம் ஒரு குலத்தின் போரைக் கடந்து, மரணத்தின் முன் மனிதன் அடையும் தோல்வியைப் பாடுகிறது என்பது அவர் வாதம். குறை காண்பதாயின், அந்த டிராகன் போதிய அளவு டிராகனாக இல்லை என்பதே குறை என்றார். கவிதையைக் கவிதையாகவே படிக்கச் சொன்ன குரல் அது.

வழக்காடியவரிடமே அப்போது ஒரு டிராகன் இருந்தது. எழுதி முடிக்கப்பட்டிருந்த அவரது 'ஹாபிட்' 1937 செப்டம்பரில் வெளிவந்தது. அதன் ஸ்மாக், பேயோவுல்ஃபின் டிராகனைப் போலவே ஒரு கிண்ணம் களவுபோனதற்காகச் சீறுகிறது. ஆனால் இது தற்பெருமையும் பேசும்.

அமெரிக்காவில் 1974இல் வெளிவந்த 'டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' விளையாட்டின் விதிகளில், எதிர்ப்படும் டிராகன் பேசக்கூடியதா, உறங்கிக்கொண்டிருக்கிறதா என்பதற்கும் தனித்தனிக் கணக்கு வைத்திருந்தார்கள்.