மாதங்களுக்கு விகுதி போட்டவர்

பள்ளிக்கூடத்துல 'நடந்தான்' என்ற ஒரே சொல்லை ரெண்டு விதமா வெட்டச் சொல்வாங்க. யாப்பு என்றால் நடந்/தான்: நிரை, நேர். பகுபதம் என்றால் நட+த்(ந்)+த்+ஆன். முதல் வெட்டு காதுக்கு, அடுத்தது பொருளுக்கு. இந்த ரெண்டு கத்தியையும் கையில் வைத்துக்கொண்டு ஒரு நாடகாசிரியர் பிரான்சின் பன்னிரண்டு மாதங்களுக்கும் பெயர் வைத்தார். ஃபாப்ர் தெக்லாந்தீன். பிறந்தபோது வெறும் ஃபாப்ர். காட்டு ரோஜாவின் பெயரைப் பின்னால் ஒட்டிக்கொண்டது அவரேதான்!

1793 அக்டோபர் 24 அன்று புரட்சியின் தேசிய மாமன்றத்தில் அவர் அறிக்கை வாசித்தார். பழைய மாதப் பெயர்களிலிருந்த ரோமக் கடவுள்களும் சீசர்களும் போகணும், பயிரும் வானிலையும் வரணும். பகுதி பெரும்பாலும் லத்தீனிலிருந்து, பருவத்துக்கு ஒரு விகுதி. 'ப்ரூம்' மூடுபனி, 'ஏர்' சேர்ந்தால் ப்ரூமேர். ஆனால் நாக்கு அதை ப்ரூ/மேர் என்றுதான் பிரிக்கும். ரெண்டு வெட்டும் ஒரே இடத்தில் விழவில்லை, யாரும் கவலைப்படவுமில்லை. குளிர்காலத்துக்கு இழுத்து ஒலிக்கும் 'ஓஸ்': நிவோஸ், ப்ளுவியோஸ், வான்தோஸ். வசந்தத்துக்குத் துள்ளலான 'ஆல்'. கோடைக்கு 'தோர்', கிரேக்கத்தில் கொடை. தெர்மிதோர், வெப்பத்தின் கொடை. எந்தப் பருவத்துக்கு எந்த ஓசை, எவ்வளவு நீளம் என்று அறிக்கையிலேயே விளக்கியிருக்கிறார். அரசாங்க ஆவணத்தில் யாப்பிலக்கணம்! எனக்கு அது பிடித்திருக்கிறது.

ஆனால் பொருள் பாரிஸின் வானத்தோடு கட்டப்பட்டிருந்தது. நிவோஸ் என்றால் பனி கொட்டும் மாதம், டிசம்பர் கடைசியில் தொடங்கும். இந்துமகா சமுத்திரத்து ரீயூனியன் தீவில் அப்போது நல்ல கோடை. புதுச்சேரி தப்பித்தது, ஆகஸ்டிலேயே ஆங்கிலேயர் அதைப் பிடித்துவிட்டார்கள்.

ஃபாப்ருக்குத் தப்பிக்க வழியில்லை. பிரெஞ்சு கிழக்கிந்தியக் கம்பெனியைக் கலைக்கும் ஆணையின் வாசகத்தை மாற்றினார் என்று குற்றச்சாட்டு. 1794 ஏப்ரல் 5, தான்தோனோடு சேர்த்து கில்லட்டின். புது நாட்காட்டியில் அது ஜெர்மினால் 16. அவரே பெயரிட்ட மாதம், முளைவிடும் மாதம். நாலு மாசம்கூட ஆகலை, தெர்மிதோர் 9 அன்று ரோபஸ்பியர் வீழ்ந்தார்.

1806 ஜனவரி 1 முதல் நெப்போலியன் பழைய நாட்காட்டிக்கே திரும்பினார். அதே காலத்தில் அதே பாணியில் ஒட்டிய வேறு சொற்கள் மட்டும் தங்கிவிட்டன. 1795 ஏப்ரலில் வந்த அளவைச் சட்டம் பெருக்கத்துக்குக் கிரேக்க முன்னொட்டும், வகுத்தலுக்கு லத்தீன் முன்னொட்டும் வைத்தது: கிலோ, சென்டி, மில்லி. சந்தையில 'ரெண்டு கிலோ' என்கிறோமே, அதில் முன்னொட்டு மட்டும்தான் மிச்சம். எடையைச் சொல்லும் 'கிராம்' விழுந்தாச்சு.