பென்சில் தேர்வும் வரலாற்றுப் பாடமும்: பம்பாயில் ஓவிய ஆசிரியர் சான்றிதழ் வளர்ந்த வழி

மகாராஷ்டிர மாநில இடைநிலை, மேல்நிலைக் கல்வி வாரியத்தின் மும்பை மண்டல அலுவலகம் வாஷியில் இருக்கிறது. பத்தாம் வகுப்பு மாணவர்களின் ஓவியத் தரத் தேர்வு விவரங்களைப் பள்ளிகள் இந்த வாரியத்துக்குத்தான் அனுப்புகின்றன. இன்டர்மீடியட் ஓவியத் தேர்வில் ‘ஏ’ தரம் வாங்கியவருக்கு 7, ‘பி’ தரத்துக்கு 5, ‘சி’ தரத்துக்கு 3 என்று கூடுதல் மதிப்பெண் சேரும். மாட்டுங்கா, செம்பூர், தாராவி, வாஷி என்று எங்கே குடியிருந்தாலும், மாநில வாரியப் பள்ளிக்குப் பிள்ளையை அனுப்பும் தமிழ்க் குடும்பத்துக்கு ‘எலிமென்டரி’, ‘இன்டர்மீடியட்’ என்ற பெயர்கள் பழக்கமானவை. பிள்ளைகள் டிராயிங் கிளாசுக்குப் போவதே பல வீடுகளில் இந்த ஏழு மதிப்பெண்ணுக்காகத்தான்.

பெற்றோர் அதிகம் கவனிக்காத ஒன்று உண்டு. ஓவிய ஆசிரியராக விரும்புபவர் ஏறும் ஏணியின் அடிப்படியும் இதே தேர்வுதான். இதற்கு மேலே ஏ.டி.டி. எனப்படும் ஓவிய ஆசிரியர் டிப்ளமோ; அதற்கும் மேலே ஆர்ட் மாஸ்டர், கலைக்கல்வி டிப்ளமோ. இந்த ஏணி எப்படிக் கட்டப்பட்டது, அதில் கலை வரலாறு எப்போது, எந்த இடத்தில் வந்து சேர்ந்தது என்று பார்த்தால், இன்றைய ஓவிய ஆசிரியரின் பலமும் குறையும் இரண்டுமே விளங்கும்.

ஏணியின் மூலப்படம் லண்டனில் வரையப்பட்டது. 1851-இல் அங்கே நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு, தங்கள் ஆலைப் பொருள்களின் வடிவமைப்பு மட்டமாக இருக்கிறது என்ற கவலை பிரிட்டிஷ் அரசைப் பிடித்துக்கொண்டது. ஹென்றி கோல் தலைமையில் தனித் துறை உருவாயிற்று. ஓவியர் ரிச்சர்ட் ரெட்கிரேவ் 23 நிலைகள் கொண்ட பாடத்திட்டத்தை வகுத்தார். அளவுகோலும் காம்பஸும் கொண்டு கோடு போடுவதில் தொடங்கி, அச்சுப்படத்தைப் பார்த்து வரைதல், சுண்ண வார்ப்புகளைப் பார்த்து வரைதல், நிழலிடுதல் என்று படிப்படியாக ஏறினால்தான் வண்ணமும் மனித உருவமும் கைக்கு வரும். நிலைகளைத் தேறிய ஆசிரியர்களுக்கே சான்றிதழ். சவுத் கென்சிங்டன் முறை என்று பெயர் பெற்ற இந்த ஏற்பாடு, ஆலைக்கும் அலுவலகத்துக்கும் வேண்டிய துல்லியமான கைகளைத் தயாரிக்கப் பிறந்தது. ஓவியத்தை அனுபவிக்கும் கண்ணைப் பற்றி அதற்குப் பெரிய அக்கறை இருக்கவில்லை.

பம்பாயில் சர் ஜம்ஷெட்ஜி ஜீஜீபாய் 1853-இல் ஒரு லட்சம் ரூபாய் நன்கொடை அறிவித்தார். 1857 மார்ச்சில் எல்ஃபின்ஸ்டன் கல்விக்கூடத்தில் முதல் வரைகலை வகுப்பு தொடங்கியது. அதுவே சர் ஜே.ஜே. கலைப்பள்ளியின் தொடக்கம். 1865-இல் ஜான் லாக்வுட் கிப்ளிங் சிற்பம் கற்பிக்க வந்தார்; அலங்கார ஓவியத்துக்கு ஜான் கிரிஃபித்ஸ் வந்தார். 1866-இல் பள்ளி அரசின் கைக்கு மாறியது. 1878-இல் இன்றைய கட்டடத்துக்குக் குடிபுகுந்தது. ஓவிய ஆசிரியர்களுக்கான பயிற்சி வகுப்பு 1893-இல் அங்கே ஏற்பட்டது. பம்பாய் மாகாணத்தில் ‘டிராயிங் மாஸ்டர்’ என்ற பதவிக்கு முறையான படிப்பு அமைந்தது அப்போதுதான்.

இங்கே ஒரு முரண் இருக்கிறது. 1872 முதல் 1885 வரை கிரிஃபித்ஸ் தம் மாணவர்களை அஜந்தாவுக்கு அழைத்துப் போய் அந்தச் சுவரோவியங்களைப் படியெடுக்க வைத்தார். பெஸ்டன்ஜி போமன்ஜி போன்ற இளைஞர்கள் இருட்டுக் குகைகளில் உட்கார்ந்து பதுமபாணியின் கழுத்துச் சாய்வைக் கோடு கோடாகப் பின்தொடர்ந்தார்கள். லண்டனுக்கு அனுப்பிய படிகளில் பல 1885 தீ விபத்தில் அழிந்தன. மிஞ்சியவற்றைக் கொண்டு கிரிஃபித்ஸ் 1896–97-இல் பெருநூல் வெளியிட்டார். ஆக, இந்திய ஓவியத்தின் மிகச் சிறந்த ஏடுகளுள் ஒன்றை ஜே.ஜே. மாணவர்கள் கையாலேயே படித்திருக்கிறார்கள். ஆனால் 1893-இல் ஆசிரியர் பயிற்சிக்கு வந்த இளைஞனிடம், ‘இதுதான் உன் நாட்டு ஓவியத்தின் வரலாறு’ என்று கொடுக்கக் கையடக்கமான புத்தகம் கிடையாது. ஃபெர்குசனின் கட்டடக்கலை வரலாறு 1876-இலேயே வந்துவிட்டது. ஓவியத்தின் கதை இன்னும் எழுதப்படவில்லை.

இந்த அமைப்பை உள்ளிருந்து பார்த்தவர் எம்.வி. துரந்தர். 1890-இல் மாணவராகச் சேர்ந்து, 1896-இல் அங்கேயே ஆசிரியரானார். தலைமை ஆசிரியராக உயர்ந்தார். பள்ளிகளின் ஓவியப் பாடத்தை மேற்பார்வையிடும் டிராயிங் இன்ஸ்பெக்டர் பதவியையும் வகித்தார். அந்தக் கலைக்கோயிலில் கழித்த நாற்பத்தோரு ஆண்டுகளைப் பற்றி மராத்தியில் நூல் எழுதினார். துரந்தரின் கை எவ்வளவு தேர்ந்தது என்பதற்கு அவருடைய நீர்வண்ணப் படங்களும் பம்பாய்த் தெரு மக்களை வரைந்த சித்திரங்களும் சாட்சி. சவுத் கென்சிங்டன் முறையைக் குறை சொல்பவர்கள் ஒன்றை ஒப்புக்கொண்டே ஆக வேண்டும்: அது கையைப் பழக்கியது, நன்றாகவே பழக்கியது.

வரலாறு வேறு வழியாக வந்தது. சென்னைக் கலைப்பள்ளியில் 1884 முதல் பணியாற்றிய இ.பி. ஹேவல் 1896-இல் கல்கத்தாவுக்குப் போனார். ஐரோப்பிய வார்ப்புகளை ஒதுக்கிவிட்டு முகலாய ஓவியங்களை மாணவர் முன் வைத்தார். 1905-இல் அவனீந்திரநாத் தாகூரைத் துணை முதல்வராக்கினார். யாழ்ப்பாணத் தமிழ் மரபில் வந்து கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908-இல் சிங்களக் கலைகள் பற்றிய நூலை வெளியிட்டார். வின்சென்ட் ஸ்மித்தின் இந்திய, இலங்கைக் கலை வரலாறு 1911-இல் வந்தது; பெர்சி பிரௌனின் சிறுநூல் ‘இந்திய ஓவியம்’ 1918-இல். விஷ்ணுதர்மோத்தரத்தின் சித்திரசூத்திரத்தை ஸ்டெல்லா கிராம்ரிஷ் 1924-இல் ஆங்கிலத்தில் தந்தார். குமாரசுவாமியின் இந்திய, இந்தோனேசியக் கலை வரலாறு 1927-இல் வெளியானது. அதற்கும் நான்கு ஆண்டு கழித்து, 1931-இல்தான், தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறைச் சுற்றுப்பாதையில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் ஓவியம் இருப்பதை எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். 1893-க்கும் 1931-க்கும் இடைப்பட்ட முப்பத்தெட்டு ஆண்டுக்குள் ஒரு பாடமே பிறந்து வளர்ந்திருக்கிறது. சான்றிதழ் அமைப்பு அதற்கு முன்பே இறுகிவிட்டதால், புதிதாகப் பிறந்த பாடத்துக்கு வாசல் திண்ணையில்தான் இடம் கிடைத்தது.

கருத்துகளின் கதையும் இப்படித்தான். இன்று ஓவிய ஆசிரியர் பணிக்கோ, நெட் தேர்வின் காண்கலைப் பாடத்துக்கோ படிப்பவர் இரண்டு பட்டியல்களை மனப்பாடம் செய்கிறார். ஒன்று ஷடங்கம். காமசூத்திரத்துக்கு யசோதரர் எழுதிய ஜயமங்கள உரையில் வரும் ஆறு உறுப்புகள்: ரூபபேதம், பிரமாணம், பாவம், லாவண்ய யோஜனம், சாத்ருசியம், வர்ணிகாபங்கம். வடிவ வேறுபாடு, அளவு, மெய்ப்பாடு, அழகு கூட்டல், ஒப்புமை, வண்ணக் கையாட்சி என்று சொல்லலாம். அவனீந்திரநாத்தின் விளக்கக் கட்டுரைக்குப் பிறகு இது கலைப்பள்ளிகளில் பரவியது. மற்றொன்று கோடு, வடிவம், வண்ணம், இழைநயம், வெளி என்னும் கூறுகளும், சமநிலை, தாளம், ஒருமை, அழுத்தம் என்னும் கோட்பாடுகளும். இதன் வேர் அமெரிக்க ஆசிரியர் ஆர்தர் வெஸ்லி டோ 1899-இல் எழுதிய பாடநூலிலும், 1919-இல் ஜெர்மனியின் வைமாரில் தொடங்கிய பௌஹாஸ் பள்ளியின் அடிப்படை வகுப்பிலும் இருக்கிறது. 1922-இலேயே பௌஹாஸ் கலைஞர்களின் படைப்புகள் கல்கத்தாவில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தேர்வு எழுதுபவர் இந்த இரண்டு பட்டியல்களையும் ஒப்பிக்கிறார். ஒரு படத்தின் முன் நின்று அவற்றைப் பயன்படுத்திப் பார்க்க யாரும் அவரைக் கேட்பதில்லை. இழப்பு இங்கேதான்.

சாத்ருசியம் என்ற ஒப்புமையை எடுத்துக்கொள்வோம். வில்லைப் போன்ற புருவம், மீனைப் போன்ற விழி, எள்ளுப்பூப் போன்ற நாசி என்பது சிற்பியின் இலக்கணம். தமிழ்ப் பிள்ளைக்கு இது புதிதே இல்லை. கேசாதிபாத வருணனை படித்த பாட்டியின் வாயிலும், திரைப்பாட்டிலும் அது கேட்டதுதான். மொழியில் ஏற்கெனவே தெரிந்திருப்பதைக் கல்லிலும் சுவரிலும் காட்டிக்கொடுப்பது ஆசிரியருடைய வேலை. ஷடங்கத்தைத் தமிழில் கற்பிக்க இதைவிட நல்ல நுழைவாயில் இல்லை. எந்தக் கையேடும் அதைச் சொல்லித் தருவதாகக் காணோம்.

இன்னொரு எடுத்துக்காட்டு இன்னும் அருகில் இருக்கிறது. மும்பைத் துறைமுகத்து நீருக்குள் இருக்கும் காராபுரித் தீவு, எலிஃபண்டா. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்ததாகக் கருதப்படும் அந்தக் குகையில் சுமார் 20 அடி உயரச் சதாசிவ உருவம் மூன்று முகங்களோடு நிற்கிறது. நடுமுகம் அமைதி. ஒரு பக்கம் மீசையும் சினமும் கொண்ட அகோரம். மறுபக்கம் மென்மை ததும்பும் பெண்மை முகம். ரூபபேதம் என்றால் என்ன என்று கேட்கும் மாணவனுக்கு, ஒரே கல்லில் மூன்று இயல்புகளைப் பிரித்துக் காட்டும் இந்த உருவமே விடை. இடமும் வலமும் எதிர் இயல்புகள் நடுவின் அமைதியால் ஒன்றுபடுவதைக் காட்டினால், சமநிலை, ஒருமை என்ற இரண்டாம் பட்டியலும் விளங்கிவிடும். குகையின் திறப்புகள் வழியே வரும் வெளிச்சம் முகங்களின் மேல் மாறிக்கொண்டே இருப்பதால், ஒளிநிழல் பாடமும் அங்கேயே முடிந்துவிடும். 1987 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள இந்த இடத்தைப் பார்க்காமலேயே ஏ.டி.டி. முடிக்க முடியும் என்பது வருத்தமான செய்தி.

வாஷிக்கும் கலைக்கும் ஒட்டில்லை என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த நகரம் உருவான கதையே ஒரு கலை இதழோடு பின்னியது. முல்க் ராஜ் ஆனந்த் 1946-இல் தொடங்கிய ‘மார்க்’ இதழின் 1965-ஆம் ஆண்டு இதழொன்றில்தான் சார்லஸ் கொரியா, பிரவீணா மேத்தா, ஷிரீஷ் படேல் மூவரும் துறைமுகத்துக்கு அக்கரையில் புதிய நகரம் எழுப்பும் யோசனையை முன்வைத்தார்கள். 1970-இல் அதைக் கட்டச் சிட்கோ நிறுவனம் அமைந்தது. முதலில் வளர்ந்த பகுதிகளில் வாஷி ஒன்று. பேலாப்பூரில் கொரியா வடிவமைத்த ஆர்டிஸ்ட்ஸ் வில்லேஜ் 1980-களில் எழுந்தது. திட்டம், வெளி, விகிதம் என்று கரும்பலகையில் எழுதிப்போடும் ஆசிரியர், மாணவர்களைப் பேலாப்பூருக்கு ரயிலேற்றினால் போதும்.

குழந்தையின் கை எப்படி வளர்கிறது என்ற கேள்வியும் சான்றிதழ்ப் படிப்பில் தாமதமாகவே நுழைந்தது. வியன்னாவின் ஃபிரான்ஸ் சீசெக், குழந்தையின் கிறுக்கலைப் பெரியவர்களின் அளவுகோலால் அளக்கக்கூடாது என்று வகுப்பு நடத்திக் காட்டினார். கிறுக்கலிலிருந்து இயற்கைச் சாயல் வரையிலான படிநிலைகளை விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் வகுத்தார். இதே மகாராஷ்டிரத்தில், சாந்திநிகேதனில் படித்த தேவி பிரசாத் வார்தாவின் ஆதாரக் கல்வித் திட்டத்துக்காக 1944-இல் சேவாகிராமம் வந்து, குழந்தைகளோடு பல ஆண்டு வேலை செய்தார். கலையைக் கல்வியின் அடித்தளமாகக் கொண்ட அவருடைய நூலை, மாநிலத்தின் ஒவ்வொரு ஏ.டி.டி. மாணவரும் படித்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டிலும் ஏணி இதே சாயல்தான். சென்னையில் அலெக்சாண்டர் ஹன்டர் 1850-இலேயே கலைப்பள்ளி தொடங்கினார். அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளில் டிராயிங் லோயர், ஹையர் இரண்டையும் முடித்து, தொழிலாசிரியர் சான்றிதழும் பெற்று ஓவிய ஆசிரியர் ஆவது அங்கே நெடுநாள் வழக்கம். அங்கும் கைத்திறனே முதல் சோதனை. கல்வி உரிமைச் சட்டம் 2009-இன் அட்டவணை, நூறு பிள்ளைகளுக்கு மேல் உள்ள நடுநிலைப் பிரிவுக்குக் கலைக்கல்விக்கென்று ‘பகுதிநேர’ பயிற்றுநரைத்தான் கேட்கிறது. அந்த ஒரு சொல் ஓவிய ஆசிரியரின் தகுதியையே குறைத்துவிட்டது. 2012-இல் தமிழக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்வி ஆகியவற்றுக்காக 16,549 பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் நியமித்தது. கையை மட்டும் அளந்து சான்றிதழ் கொடுத்தால், கைவேலைக்குரிய கூலியைத்தான் அரசும் கொடுக்கும்.

மாற்றங்கள் வராமல் இல்லை. தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014 விதிமுறைகளில் காண்கலைக்கென்றே இரண்டாண்டு டிப்ளமோவை வரையறுத்தது. சி.பி.எஸ்.இ. 2019-இல் கலையோடு இணைந்த கற்றலைக் கட்டாயமாக்கியது. ஜே.ஜே. 2023-இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகத் தகுதி பெற்றது. ஆனால் ஏணியின் அடியில் இருக்கும் இன்டர்மீடியட் தேர்வில் அசையாப் பொருள் ஓவியம், நினைவு ஓவியம், அலங்கார வடிவமைப்பு, வடிவியலும் எழுத்து வரைதலும் என்ற நான்கு தாள்கள்தாம். ஒரு படத்தைப் பார்த்து ஒரு வரி எழுதச் சொல்லும் கேள்விகூட அதில் கிடையாது.

அந்தக் கேள்வியை முதலில் சேர்க்க வேண்டும். அஜந்தாவிலிருந்தோ தஞ்சையிலிருந்தோ ஒரு படத்தை அச்சிட்டு, ‘இதில் என்ன பார்க்கிறாய்?’ என்று பத்து மதிப்பெண்ணுக்குக் கேட்டால், மாநிலமெங்கும் உள்ள டிராயிங் வகுப்புகள் மறு ஆண்டே படம் பார்க்கக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிவிடும். ஏ.டி.டி. படிப்பவர்களுக்கு எலிஃபண்டாவில் ஒரு முழு நாள் கட்டாயமாக வேண்டும். தேர்வு வாரியங்கள் வேண்டுமானால் காத்திருக்கட்டும். வாஷியிலும் செம்பூரிலும் மாட்டுங்காவிலும் ஓவியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் காத்திருக்க வேண்டியதில்லை. கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து படகு போகிறது. குகைகளுக்குத் திங்கட்கிழமை மட்டும் விடுமுறை.